தோளில் தொங்கும் சாப்பாடு

காஞ்சிபுரம்
12-2-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மதனவதி வணக்கத்துடன் எழுதுகிறேன். நான் நலம். இப்படி எழுதுவதைப் பார்த்துப் பக்கத்தில் என் பெண் ஸ்ரேயா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். உன் உடம்பு எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் "வீட்டுக்கு வந்துட்டேன்" என்று நான் கத்தியதற்கு, "யார் வீட்டுக்கு?" என்று நீ மூன்று தடவை கேட்டாய். இன்னும் ஒருமுறை கத்தினால் தையல் பிரிந்துவிடும். உன் காதுக்கும் என் வயிற்றுக்கும் கடிதம்தான் சரி.

டிசம்பரில் நீ சிரவணபெளகொளாவிலிருந்து ஓடிவந்து சென்னை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் நின்றாயாம். எனக்கு நினைவே இல்லை. குடல் முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுவிட்டது என்று முக்கால்வாசியை எடுத்துவிட்டார்கள். சிறுகுடலில் மிச்சம் எழுபத்தைந்து சென்டிமீட்டர். துணி விற்கிறவளுக்கு உடனே கணக்குப் புரிந்தது. ஒரு ஜாக்கெட்டுக்கு லைனிங் எடுக்கக்கூட அது பத்தாது.

அதனால் இப்போதைக்குச் சாப்பாடு வாய் வழியாக இல்லை. காலர் எலும்புக்குக் கீழே மெல்லிய குழாய் ஒன்று வைத்திருக்கிறார்கள். இரண்டு கிலோ எடையில் ஒரு பை. அதில் மூன்று அறை: ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் புரதம், ஒன்றில் கொழுப்பு. மேலிருந்து சப்பாத்தி மாவு உருட்டுவதுபோல உருட்டினால் நடுச்சுவர்கள் விட்டுக்கொடுத்து எல்லாம் கலந்து பால் மாதிரி வெள்ளையாகிவிடும். அதைக் கைக்கடக்கமான ஒரு பம்பு பன்னிரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக உள்ளே தள்ளுகிறது. எல்லாம் ஒரு தோள்பைக்குள் அடங்கும்.

எஸ்தர் என்று ஒரு நர்ஸ் தினமும் ஸ்கூட்டரில் வந்து எனக்கும் ஸ்ரேயாவுக்கும் சொல்லித் தருகிறாள். பிள்ளையார்பாளையத்துப் பெண்தான். கை கழுவியது போதாது என்று நேற்று மூன்று முறை திருப்பி அனுப்பினாள். "அக்கா, இத எல்லாரும் நைட்ல மாட்டிக்கினு தூங்கிடுவாங்க. பகல்ல ஃப்ரீயா இருக்கலாம்," என்றாள். "நாங்க ஜைனருங்க. எனக்குப் பொழுது சாஞ்சப்புறம் சாப்பிட்டுப் பழக்கமில்லம்மா," என்றேன். டாக்டர்வரை பேச்சு போய், கடைசியில் காலை ஐந்தரைக்கு மாட்டி மாலை ஐந்தரைக்குக் கழற்றுவது என்று முடிவாகியிருக்கிறது.

இது சாப்பாடா, மருந்தா அண்ணா? சாப்பாடு என்றால் பகலில்தானே? நீ என்ன நினைக்கிறாய்?

குளிர் காலம். வெந்நீரில் குளி. பதில் எழுது.

உன் தங்கை
மதனவதி


சிரவணபெளகொளா
25-2-2024

அன்புத் தங்கை மதனவதிக்கு,

அண்ணன் சந்திரநாதன் ஆசிகள். நான் சுகமாக இருக்கிறேன். மாப்பிள்ளையையும் ஸ்ரேயாவையும் கேட்டதாகச் சொல்.

உன் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியாது. பகலிலேயே போட்டுக்கொள். கேள்வியே வராது.

இங்கே பனி குறைந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் புதிதாகக் கூரை போடுகிறார்கள். யாத்திரிகர் கூட்டம் பரவாயில்லை. விடுதி மேலாளர் ஊருக்குப் போய் வந்தார். மலைப்படியில் குரங்குத் தொல்லை அதிகம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு
சந்திரநாதன்


காஞ்சிபுரம்
17-3-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். காய்ச்சல் இல்லை, எடை ஒரு கிலோ ஏறியிருக்கிறது, குழாய் வைத்த இடம் சுத்தமாக இருக்கிறது. இது எஸ்தர் நோட்டில் எழுதிய வரிசை. உன் நலத்தையும் இதே வரிசையில் எழுது.

கடையைத் திறந்துவிட்டேன்! பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு காலை பத்து மணிக்குப் போய் உட்காருகிறேன். தெருவில் எல்லா வீட்டிலும் தறிச் சத்தம். அதற்குள் என் பம்பின் சத்தம் யார் காதிலும் விழாது. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அரக்கு நிறப் பட்டு ஒன்றுக்கு உள்பாவாடைத் துணி பார்க்க ஒரு கல்யாண வீட்டுக் கூட்டமே வந்திருந்தது. மேல் தட்டிலிருந்து துணிக்கட்டை இழுத்தபோது குழாய் என் முழங்கைக்கடியில் மடங்கிவிட்டது. பம்பு கத்த ஆரம்பித்தது. வந்தவர்கள் அவரவர் கைப்பையில் கைவிட்டுப் போனைத் தேடினார்கள். கூட வந்த பாட்டம்மா மட்டும் என்னையே பார்த்து, "உன் வயித்துலர்ந்து வருதும்மா," என்றாள். விஷயத்தைச் சொன்னேன். குழாயை நிமிர்த்தி, பட்டனை அழுத்தி, சத்தத்தை நிறுத்தினேன். "அப்போ நீ இப்ப சாப்ட்டுக்கினு கீறியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "சாப்புடறப்ப எழுப்பக் கூடாது, உக்காரு," என்று சொல்லிவிட்டுத் தானே கட்டைப் பிரித்துத் துணியை எடுத்துக்கொண்டாள்.

சாகாமல் பிழைத்ததைவிட அன்றைக்கு வியாபாரம் முடித்ததுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

இப்போது ஒரு கோபம். உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு இருக்கிறது, குரங்கு இருக்கிறது, உன் விடுதிச் சமையல் இல்லை. முப்பது வருஷமாக நீ எழுதிய எந்தக் கடிதத்திலாவது சமையல் இல்லாமல் இருந்ததா? நான் சாப்பிட முடியாது என்று மறைக்கிறாயா? அப்படி மறைத்தால்தான் எனக்குப் பசிக்கிறது. என்ன சமைத்தாய், எத்தனை பேருக்கு, எதில் தப்பு செய்தாய், எல்லாம் எழுது.

உடம்பைக் கவனி. முழங்காலுக்குத் தைலம் போடு.

மதனவதி


சிரவணபெளகொளா
2-4-2024

அன்பு மதனாவுக்கு,

காய்ச்சல் இல்லை. எடை பார்க்கவில்லை. முழங்கால் அப்படியே இருக்கிறது. வரிசை சரிதானா?

உன் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். சிரித்ததில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. முதல் தப்பு இதுதான், எழுதிக்கொள்.

மகாவீர் ஜெயந்திக்கு அறுநூறு பேர் வருவார்கள் என்கிறார்கள். மஞ்சள் பூசணிக் கூட்டு, வாழைக்காய் வறுவல், பச்சைப்பயற்றுப் பாயசம், சோற்றில் ஊற்றத் தக்காளிச் சாறு. வாழைக்காயை நறுக்கியதும் மோர் கலந்த தண்ணீரில் போட்டு வைப்பேன். அப்போதுதான் கறுக்காது. பூசணியைக் குழைய விடக் கூடாது. தோலோரம் கொஞ்சம் பல்லுக்கு அகப்பட வேண்டும். தேங்காய் அரைக்கும்போது சீரகத்தைக் கடைசியில் போடு, முதலில் போட்டால் கசக்கும். பாயசத்துக்கு வெல்லம் கரைத்து வடிகட்டி, பயறு நன்றாக வெந்தபிறகுதான் ஊற்ற வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதும்போது நன்றாக இருக்கிறது.

எனக்கும் ஒரு சமையல்காரன் கேள்வி. அந்தப் பையில் எல்லாம் கலந்து பால்போல வெள்ளையாகிறது என்றாயே. எண்ணெயும் தண்ணீரும் சேராது. நான் எவ்வளவு கடைந்தாலும் பத்து நிமிஷத்தில் பிரிந்துவிடும். அவர்கள் எதைப் போட்டுச் சேர்க்கிறார்கள்? என் தங்கை என்ன சாப்பிடுகிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

எல்லோரும் நலமாக இருங்கள்.

சந்திரநாதன்


காஞ்சிபுரம்
28-4-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். ஜெயந்தி நன்றாக நடந்திருக்கும். இங்கே வெயில் தாங்கவில்லை. பைகள் கெடாமல் இருக்க அந்த அறைக்கு மட்டும் ஏ.சி. போட்டிருக்கிறோம்.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது. எல்லாம் மருந்துதான். நமக்குப் புரியாது.

மாகறலிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் மே மாதம் ஒரு பஸ் உங்கள் ஊருக்கு வருகிறது. நம்மவர்கள் நாற்பது பேர். நன்றாகக் கவனி.

மதனவதி


சிரவணபெளகொளா
20-5-2024

அன்பு மதனாவுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? போன கடிதம் அரைப் பக்கம்தான் இருந்தது. கடையில் வேலை அதிகமோ?

மாகறல் பஸ் வந்து போனது. எல்லோரும் உன்னைப் பற்றியே பேசினார்கள். "தோள்ல பையோட நிக்கிறா பாருங்க, கலெக்டர் மாதிரி இருக்குது," என்று சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. சாப்பாடு எப்படி என்று கேட்டேன். தலையை ஆட்டினார்கள்.

மாங்காய்ப் பச்சடி செய்தேன். அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன். பம்பு மறுபடி ஏதாவது ரகளை செய்ததா? எழுது.

சந்திரநாதன்


சிரவணபெளகொளா
18-6-2024

மதனாவுக்கு,

ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரரிடம் தினமும் கேட்டு, இப்போது என்னைப் பார்த்ததும் அவரே கையை விரித்துவிடுகிறார். மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். ஏதோ சொன்னார். "ஆஸ்பத்திரி" என்பது மட்டும் காதில் விழுந்தது. போயிருக்கிறீர்களா, போகப்போகிறீர்களா, போய் வந்துவிட்டீர்களா, ஒன்றும் புரியவில்லை. நான் பயந்து "நல்லது, நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நீ எழுத முடியாவிட்டால் ஸ்ரேயாவை எழுதச் சொல். இரண்டு வரி போதும்.

அண்ணன்


காஞ்சிபுரம்
27-6-2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்ரேயா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். அம்மாவும் இப்போது நலம். முதலில் அதை எழுதச் சொன்னார்கள்.

ஜூன் எட்டாம் தேதி அம்மாவுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. பல் கிட்டிப்போகிற மாதிரி நடுக்கம். எஸ்தர் அக்கா பார்த்தவுடனே பம்பை நிறுத்திக் குழாயை மூடிவிட்டு, காரில் ஏற்றி எங்களோடே சென்னைக்கு வந்தார்கள். குழாய் வைத்த இடத்தில் சீழ் பிடித்திருந்தது. ஒன்பது நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். பழைய குழாயை எடுத்துவிட்டு வலப்பக்கம் புதுக் குழாய் வைத்திருக்கிறார்கள்.

குழாயை நாங்கள் சுத்தமாகத்தான் வைத்திருந்தோம் மாமா. ஆனால் அம்மா மே மாதத்திலிருந்து வெள்ளைப் பை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கொழுப்பில்லாத பையை மட்டும் போட்டுக்கொண்டார்கள். தோல் செதில் செதிலாக உரிந்தது, முடி கொட்டியது, சின்னப் புண்கூட ஆறவில்லை. அதில்தான் கிருமி புகுந்துவிட்டது என்றார் டாக்டர்.

ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்லக் கூடாதாம். அவர்களே எழுதுவார்களாம்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பயப்பட வேண்டாம்.

ஸ்ரேயா


காஞ்சிபுரம்
8-7-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். காய்ச்சல் இல்லை. போன எடையில் நாலு கிலோ போய், ஒரு கிலோ திரும்பி வந்திருக்கிறது. நீ நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தபிறகும் நலமாக இருக்க வேண்டும்.

ஏப்ரலில் நீ கேட்டாயே, எண்ணெயையும் தண்ணீரையும் எதைப் போட்டுச் சேர்க்கிறார்கள் என்று. எனக்கும் ஆசை வந்தது. ஸ்ரேயாவிடம் பையில் ஒட்டிய காகிதத்தைப் படிக்கச் சொன்னேன். படித்துக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள்.

"இன்னாடி?"

"மா, இதுல முட்டைன்னு போட்டிருக்குது."

முட்டைக் கருவிலிருந்து எடுக்கும் ஏதோ ஒன்று, அண்ணா. அதுதான் இரண்டையும் பிரியாமல் பிடித்து வைக்கிறது. டாக்டரைக் கேட்டேன். தனக்குக் கிடைக்கிற எந்தக் கம்பெனிப் பையிலும் அது இல்லாமல் இல்லை என்றார். ஸ்ரேயா அப்பாவுக்கு இது முதல் நாளே தெரியும். நான் நினைவில்லாமல் கிடந்தபோது கையெழுத்துப் போட்டதே இவர்தான். "நீ பொழைக்கணும்னு பார்த்தேன். அப்புறம் சொல்றதுக்கு வாய் வரல," என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பிறகு பாவமாகிவிட்டது.

அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. என்மேல் இருந்ததுதான் போகவில்லை. நாலு மாதம் ஒரு நாள் விடாமல் ஏற்றியிருக்கிறேன். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பொழுது சாயுமுன் முடிக்கிறேன் என்று பெருமை வேறு. திருப்பருத்திக்குன்றம் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். உனக்கு எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. பொய் எழுதவும் முடியவில்லை, உண்மை எழுதவும் முடியவில்லை.

வெள்ளைப் பையை நிறுத்துங்கள் என்று டாக்டரிடம் சொன்னேன். "கொஞ்ச நாள் ஓட்டலாம்மா. ஆனா அதுக்கு நீங்க வாயால எண்ணெய் சேர்த்துச் சாப்பிடணும்," என்றார். ஏப்ரலிலேயே சாப்பிட அனுமதி கொடுத்துவிட்டார் அண்ணா. இதையும் உன்னிடம் மறைத்தேன். நாளுக்கு ஆறு வேளை, குழந்தைக்குக் கொடுக்கிற அளவு. இரண்டு நாள் சாப்பிட்டுப் பார்த்தேன். வயிறு பிடுங்கியெடுத்தது. கடையில் உட்கார முடியவில்லை. பயந்து விட்டுவிட்டேன். வெள்ளைப் பையும் இல்லை, சோறும் இல்லை. அப்புறம் நடந்ததை ஸ்ரேயா எழுதியிருப்பாள்.

ஆஸ்பத்திரியில் எட்டாம் நாள் எஸ்தர் பார்க்க வந்தாள். மற்றவர்களெல்லாம் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காதே. சாவணும்னு இருக்கியா?"

"ச்சீ, இல்லம்மா. பாவத்துல வாழ வேணாம்னுதான்."

"அதெல்லாம் உங்க சாமி, உங்க முறை. எனக்குத் தெரியாது. எங்க சர்ச்சுல நோன்பு நாப்பது நாள் இருக்கும், எங்க அண்ணன் டேனியல் சுகர் ஏறிக்கினு அதையும் இருப்பேன்னு நிப்பான். அவன்கிட்ட சொல்றதையே உன்கிட்டயும் சொல்றேன். டாக்டரக் கேட்டுட்டேன். நீ வாயால எண்ணெய் ஊத்தி சோறு சாப்ட்டா, வெள்ளைப் பை வாரத்துக்கு ரெண்டே ரெண்டு போதும். மிச்ச நாளுக்கு கொழுப்பில்லாத பை. இன்னும் நல்லா சாப்ட்டா அந்த ரெண்டும் கொறையும். ஒவ்வொரு வாயும் அதுலர்ந்து கழியுது. வயிறு வலிக்கும். வலிக்கட்டும். நீ பட்டினி கெடந்து ஒண்ணும் கழியல, பார்த்தல்ல?"

அவ்வளவுதான். போர்வையைச் சரிசெய்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

போன வாரத்திலிருந்து வெள்ளைப் பை புதன், சனி மட்டும். அதையும் உனக்குத் தெரியாமல் போட்டுக்கொள்ள மனம் வரவில்லை. நீ என்ன சொல்கிறாய்? எதுவானாலும் சொல்.

இப்போது உன் முறை. மாகறல் பஸ்ஸில் வந்த லட்சுமியம்மா கடைக்கு வந்திருந்தாள். "உங்கண்ணன் சமையலுக்கு இன்னா ஆச்சிம்மா? ஒரு நாள் கூட்டுல உப்பே இல்ல. மறுநாள் வாயில வைக்க முடியாத உப்பு," என்றாள். முப்பது வருஷத்தில் உன்னைப் பற்றி இப்படி ஒருத்தர் சொல்லிக் கேட்டதில்லை. உனக்கு என்ன உடம்புக்கு? மறைக்காதே. நான் மறைக்கவில்லை பார்.

மதனவதி


சிரவணபெளகொளா
19-7-2024

அன்புத் தங்கை மதனாவுக்கு,

நான் நலம். உடம்பில் ஒன்றுமில்லை.

உன் கடிதம் காலை பத்து மணிக்கு வந்தது. படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன். அன்று முதல் பந்தி முக்கால் மணி தாமதம். மேலாளர் வந்து என்ன என்று கேட்டார். "என் தங்கையை நான்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்," என்றேன். அவருக்குப் புரியவில்லை. நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால் நீ காகிதத்தைப் படித்திருக்க மாட்டாய்.

இது தப்பா என்று கேட்டால் சொல்லக்கூடிய பெரியவர்கள் இங்கே மடத்தில் இருக்கிறார்கள். பத்து நிமிஷ நடை. போகவில்லை. போனால் ஒரு பதில் வரும். அது எதுவாக இருந்தாலும் நான் உனக்கு இதைத்தான் எழுதப்போகிறேன்: பையைப் போட்டுக்கொள். தப்பென்றால் அதில் பாதி என் பங்காக இருக்கட்டும். டிசம்பரில் உன் ஐ.சி.யூ. கண்ணாடிக்கு வெளியே நின்று, ஒரு மனிதன் என்னவெல்லாம் நினைக்கக் கூடாதோ அதையெல்லாம் நான் நினைத்தேன். முட்டை என்ன, அன்றைக்கு எதைக் கேட்டிருந்தாலும் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். மாப்பிள்ளையிடம் இதைச் சொல். கோயிலுக்குப் போ.

உப்பு விஷயம். எழுத வெட்கமாக இருக்கிறது. அந்தக் கண்ணாடிக்கு வெளியேதான் ஒரு விரதம் எடுத்துக்கொண்டேன். நீ ஒரு பிடி சோறு சாப்பிடுகிறவரை எனக்கு உப்பு வேண்டாம் என்று. சமைக்கும்போது நான் ருசி பார்ப்பதில்லை, உனக்குத் தெரியும். சாயங்காலம் நான் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் அன்றைக்கு என்ன கூடியது, என்ன குறைந்தது என்று கைக்குத் தெரியும். ஏழு மாதமாக உப்பில்லாமல் தின்று தின்று கைக்கு அளவே மறந்துவிட்டது. புகார்ப் புத்தகத்தில் ஒன்பது புகார். ஒருவர் மராத்தியில் எழுதியிருக்கிறார். நல்லவேளை, படிக்கத் தெரியவில்லை.

நீ ஏப்ரலிலேயே சாப்பிட்டிருக்கலாம் என்று படித்தபோது முதலில் கோபம்தான் வந்தது. பிறகு, வயிறு பிடுங்கியது என்ற வரியை மறுபடி படித்தேன்.

மெதுவாகச் சாப்பிடு. குழைந்த சோறு, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். பருப்பு வேண்டாம். முதல் வாரம் சீரகம்கூட வேண்டாம்.

சந்திரநாதன்


காஞ்சிபுரம்
25-8-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலம், நலம். எடை இரண்டு கிலோ ஏறியிருக்கிறது. முழங்காலுக்குத் தைலம் போடுகிறாயா?

உன் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். "மாப்பிள்ளையிடம் சொல்" என்ற இடத்தில் எழுந்து போய்த் தோட்டத்தில் நின்றுகொண்டார்.

நீ செய்தது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் தெரியுமா? என்னைப் போலக் குடல் போனவர்களுக்கு உப்புதான் மருந்து. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் தினமும் ஒன்றரை லிட்டர் குடிக்கிறேன். இங்கே நான் உப்பைக் குடித்துக்கொண்டிருக்க, அங்கே நீ எனக்காக உப்பை விட்டிருக்கிறாய். எஸ்தரிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து, கழுவிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி கை கழுவினாள்.

சாப்பிட்டேன் அண்ணா. ஜூலை இருபத்தேழு, சனிக்கிழமை, காலை எட்டு மணி. நீ சொன்னபடி குழைந்த சோறு, நல்லெண்ணெய், உப்பு. ஐந்து ஸ்பூன். ஒரு மணி நேரத்தில் வயிறு பிடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினொரு மணிக்கு மறுபடி ஐந்து ஸ்பூன். அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. நாலாம் நாள் போனேன். பாதி வியாபாரத்தில் எழுந்து ஓடவேண்டி வந்தது. வந்தவள் காத்திருந்து வாங்கிக்கொண்டு போனாள். மூன்று வாரத்தில் இட்லி பாதி. இப்போது முழுசு.

உனக்கு உடனே எழுதாததற்குக் காரணம், நின்றுவிடுமோ என்ற பயம். ஒரு பிடி என்று நீ எழுதியிருந்தாய். ஐந்து ஸ்பூனை ஒரு பிடியாகக் கணக்கு வைத்து உன்னை ஏமாற்ற வேண்டாம் என்று ஒரு மாதம் பார்த்தேன். இப்போது தைரியமாகச் சொல்கிறேன்: இன்றைக்கே உப்புப் போட்டுச் சாப்பிடு. அந்த மராத்திக்காரர் மறுபடி வருவதற்குள் கை திரும்ப வேண்டும்.

பை இப்போது வாரத்துக்கு ஐந்து நாள். வெள்ளைப் பை புதன் மட்டும். தீபாவளிக்குள் நாலு நாளாக்கிவிடலாம் என்கிறார் டாக்டர். பை இல்லாத நாட்களில் இடது தோள் தானாக மேலே போகிறது. ஒரு பக்கமாக நடக்கிறேன் என்று ஸ்ரேயா கேலி செய்கிறாள். நேற்று கோயிலுக்குப் போய்வந்தேன்.

மதனவதி


சிரவணபெளகொளா
16-11-2024, சனிக்கிழமை

அன்பு ஸ்ரேயாவுக்கு,

மாமா ஆசிகள். அம்மாவும் அப்பாவும் நேற்று மாலை சுகமாக வந்து சேர்ந்தார்கள். ரயிலில் தொந்தரவு ஒன்றும் இல்லையாம். உப்புத் தண்ணீர் பாட்டில்கள் நாலும் காலி. கடையை நீ தனியாகப் பார்த்துக்கொள்கிறாய், உடம்பைக் கவனித்துக்கொள்.

இந்தக் கடிதம் வருமுன் அம்மாவே வந்துவிடுவாள். இருந்தாலும் எழுதுகிறேன். சில விஷயங்களை அவள் உன்னிடம் சொல்ல மாட்டாள்.

டாக்டரிடம் மன்றாடி மூன்று நாள் பையில்லாமல் வருவதாக அவள் முன்பே எழுதியிருந்ததால், இன்று காலை அவளுக்கென்று தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தில் குழைய வடித்து வைத்திருந்தேன். அதை அவள் தொடவில்லை. "எல்லாருக்கும் இன்னாவோ அதான் எனக்கும்," என்று பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பக்கம் ஹூப்ளிக்காரர்கள், அந்தப் பக்கம் வந்தவாசிப் பக்கத்துப் பெண்கள். நடுவில் அவள். மழைக்கால விலக்கு முடிந்து இப்போதுதான் கீரை சமைக்க ஆரம்பித்திருக்கிறோம். முளைக்கீரை மசியல், பருப்பு, புடலங்காய்ப் பொரியல், சாறு. நான்தான் பரிமாறினேன். அவளையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் நெய் இலைக்கு வெளியே விழுந்தது.

மெதுவாகச் சாப்பிட்டாள். அப்படி ஒரு மெதுவை நான் பார்த்ததில்லை. பந்தி முடிந்து எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவள் மட்டும் சாற்றுச் சோற்றில் இருந்தாள். எல்லோரும் எழுந்து, இடத்தைத் துடைத்தபிறகுதான் அடுத்த பந்தி உட்கார முடியும். கதவுக்கு வெளியே எண்பது பேர். மேலாளர் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே உள்ளே வந்தார். அவளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தப் பெரிய கூடத்தில் உன் அம்மா ஒருத்தி மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டாள். இருபது நிமிஷம் இருக்கும். உன் அப்பா தூணோரம் நின்றுகொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். என் காதுக்கருகில் வந்து, யாரைப் பற்றியோ புகார் சொல்வதுபோலச் சொன்னாள்: "வயிறு நெறஞ்சி போச்சி அண்ணா. நிக்க முடியல."

நாளைக் காலை ரயிலில் ஏற்றிவிடுகிறேன். நீ இதைப் படிப்பதற்குள் எஸ்தர் திங்கட்கிழமை ஐந்தரைக்கு வந்து பையை மாட்டியிருப்பாள்.

இப்படிக்கு
மாமா சந்திரநாதன்